களனி ஆற்றின் வழியே ஒரு பயணத் திட்டம்

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றை முதலில் எழுதி, அவற்றைக் கையிலுள்ள நாட்களுக்குப் பங்கிட்டு, பங்கீடு முடிந்ததும் வாகனத்தையும் தங்குமிடத்தையும் ஒழுங்குசெய்வதே பயணத் திட்டம் எனப் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளும் கோயிற் சபைகளும் ஆண்டுதோறும் நடத்தும் சுற்றுலாக்கள் இம்முறையிலேயே அமைகின்றன; விடியுமுன் வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில் புறப்படும் பஸ்வண்டி, நண்பகலில் கண்டியையும் மாலையில் இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத இருளில் நுவரெலியாவை அடைகின்றது. போனவர்கள் பல இடங்களைக் கண்டிருப்பார்கள், ஆனால் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு பயணத்தை இடங்களின் பட்டியலாகக் கொள்ளாமல் ஒரு தடத்தின் மீது, அதாவது ஓர் ஆற்றின், ஒரு பழைய வீதியின் அல்லது ஒரு புகையிரதப் பாதையின் மீது அமைப்பது மேலானது என்பதும், கொழும்பில் வாழும் தமிழர்க்கு அத்தகைய தடங்களுள் முதலாவது களனி ஆறு என்பதுமே இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

தடத்தின்மீது பயணத்தை அமைக்கும் வழக்கம் ஜப்பானில் நன்கு வேரூன்றியது. எதோ என அன்று வழங்கிய டோக்கியோவையும் பழைய தலைநகராகிய கியோட்டோவையும் இணைத்த தொக்காய்தோ என்னும் கரையோரப் பெருவீதியில், வழிப்போக்கர் இளைப்பாறவும் உணவு கொள்ளவும் 53 தங்கல் ஊர்கள் இருந்தன; ஹிரோஷிகே என்னும் ஓவியர் 1830களில் அந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக மர அச்சோவியங்களில் வரைந்தபோது, ஆற்றுத்துறையும் மழையில் நனையும் சுமைகாரரும் தேநீர்க் கடையும் ஃபூஜி மலையும் ஒரே தொடரின் பகுதிகளாயின. 1964இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் என்னும் அதிவேகப் புகையிரதமும் பெரும்பாலும் அதே தடத்தையே பின்பற்றியது. இன்று ஜப்பானுக்குச் செல்ல விரும்புவோர் செரிமலர் பூக்கும் வாரத்தை அறிவதிலும் புகையிரத நேரங்களைப் பொருத்துவதிலும் மாதக்கணக்காகச் செலவிடுகின்றனர். அங்கு மலர்ச்சி வசந்தகாலத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து செல்வதால், நகரத்தையும் நாளையும் பொருத்திக் கணிக்காமல் அதனைக் காண முடியாது. தூர நாட்டுக்குச் செல்லும்போது காட்டப்படும் இந்தக் கவனத்தில் பாதியேனும் சொந்த நாட்டின் மலைக்கும் ஆற்றுக்கும் காட்டப்படுவதில்லை. ஜப்பானில் ஒளிப்படக் கலை பயின்று, அந்நாட்டைப் பற்றித் தமிழில் எழுதி, பின்னர் உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியாரின் பயண எழுத்துக்களில் காணப்படும் பொறுமை, அதாவது வண்டிக் கட்டணத்தையும் உணவையும் மக்களின் பழக்கத்தையும் ஒரே அக்கறையோடு குறித்துக்கொள்ளும் பொறுமை, உள்நாட்டுப் பயணத்துக்கும் உரியது.

களனி ஆறு சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த மலைத்தொடரிலும் ஹோட்டன் சமவெளியின் மேற்குச் சரிவுகளிலும் பிறந்து, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வட எல்லையில் முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் அண்மையில் கடலில் கலக்கின்றது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு வழியாக வரும் கெஹெல்கமு ஓயாவும், சிவனொளிபாதமலையின் அடியிலிருந்து வரும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றுசேரும் இடத்திலிருந்து அது களனி எனப் பெயர் பெறுகின்றது. ஓயா என்பது சிற்றாற்றைக் குறிக்கச் சிங்களத்தில் வழங்கும் சொல். மலையகத் தமிழரும் அதனை அப்படியே வழங்குகின்றனர். கொழும்பு நகரத்தின் குடிநீரில் பெரும் பகுதி அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவதாகும். மழை குன்றிய மாதங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவருவதால், அதனைத் தடுக்க அங்கே தடுப்பு அமைக்க வேண்டியும் நேர்கின்றது. வெள்ளவத்தை மாடிவீடுகளில் குழாயைத் திறப்பவர்கள் எந்த மலையின் நீரைப் பருகுகிறார்கள் என்பதை அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிட இயலும். ஆற்றின் முகத்திலிருந்து தலைவரை செல்லும் பயணம் அந்த அறியாமையை மூன்று அல்லது நான்கு நாட்களில் நீக்கிவிடும்.

பயணத்தின் முதல் அரைநாள் நகரத்துக்குள்ளேயே அமைய வேண்டும். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில், அதற்கு அண்மையிலே எல்லாச் சமயத்தவரும் செவ்வாய்க்கிழமைகளில் திரளும் புனித அந்தோனியார் தேவாலயம், கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயம் ஆகிய மூன்றும் ஒருவர் காலைநேரத்தில் நடந்தே பார்த்துவிடக் கூடிய தூரத்தில் உள்ளன. அங்கிருந்து கிராண்ட்பாஸ் வழியாக ஆற்றை அடைந்தால், நகரம் ஆற்றைக் கடந்த வரலாறு கண்முன் நிற்கும். 1822இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலமே நெடுங்காலம் வழியாக இருந்தது. 1895இல் விக்டோரியாப் பாலம் எனப்பட்ட இரும்புப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது. ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம், தூண்களிலிருந்து இறங்கும் கம்பிவடங்களால் தாங்கப்படுகின்றது. ஆற்றின் மறுகரையில் களனி ரஜமகா விகாரை நிற்கின்றது. சோலியஸ் மெண்டிஸ் என்னும் ஓவியர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் சுவர்களில் வரைந்த ஓவியங்களும், விகாரையை ஒட்டிய விபீடணர் தேவாலயமும் தமிழ்ப் பயணிகள் நின்று பார்க்க வேண்டியவை. இராமாயணத்தில் அண்ணனைத் துறந்தவனாக அறியப்படும் விபீடணன், சிங்களப் பௌத்தரிடையே தீவின் மேற்குத் திசையைக் காக்கும் தெய்வமாக வழிபடப்படுகின்றான். கம்பனைப் படித்து வளர்ந்த ஒருவர்க்கு அந்தச் சந்நிதி பல கேள்விகளை எழுப்பும்.

நகரத்திலிருந்து அவிசாவளைக்குச் செல்ல வீதியும் உண்டு, களனிவெளிப் புகையிரதப் பாதையும் உண்டு. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் போடப்பட்ட இந்தப் பாதை, இரண்டரை அடி அகலமே கொண்ட குறுகிய பாதையாகத் தொடங்கி, 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் எட்டியாந்தோட்டைக்கும், இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கைக்கும் சென்ற கிளைகள் பின்னர் கைவிடப்பட்டன. நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என வீட்டு மதில்களை உரசிச் செல்லும் இந்த வண்டி அழகிய பயணம் எனச் சொல்லத்தக்கதன்று. ஆயினும் நகரம் எங்கே முடிந்து இறப்பர்க் காடு எங்கே தொடங்குகின்றது என்பதை இதைப்போல் வேறெதுவும் காட்டாது. அவிசாவளை, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற சீதாவாக்கை அரசின் தலைநகர். அவ்வரசின் புகழ்பெற்ற மன்னன் முதலாம் இராசசிங்கன் பிற்காலத்தில் சைவத்தைத் தழுவினான் எனச் சிங்கள வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவன் எழுப்பத் தொடங்கி முற்றுப்பெறாது போனதாகக் கருதப்படும் பைரவர் கோயில், இன்று பெரெண்டி கோயில் என்னும் பெயரில், ஆற்றுக்கு அண்மையில் மேடை மீது இடிந்த கருங்கற் சுவர்களோடு கிடக்கின்றது. தென்னிந்தியப் பாணியில் செதுக்கிய தூண்களும் புடைப்புச் சிற்பங்களும் அந்த இடிபாட்டிலும் தெளிவாகத் தெரிகின்றன. கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலத் தொலைவில் உள்ள இந்தச் சிவன் கோயிலைக் கொழும்புச் சைவர்களில் மிகச் சிலரே கண்டிருப்பர் என்பது வருந்தத்தக்கது.

அவிசாவளைக்கு மேலே ஏ 7 வீதி ஆற்றோடு சேர்ந்தே ஏறுகின்றது. எட்டியாந்தோட்டையைக் கடந்ததும் மலைகள் நெருங்கிவர, தீவில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய கித்துல்கலை வருகின்றது. பாறைகளிடையே நுரைத்து இறங்கும் ஆற்றில் காற்றடைத்த படகுகளில் செல்வதற்காகவே பெரும்பாலான இளைஞர் இங்கு வருகின்றனர். அண்மையிலுள்ள பெலிலென என்னும் குகையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரின் எச்சங்கள் கிடைத்துள்ளன என்பதைப் படகுக்காரர் கேட்டால்தான் சொல்வர். ஆனால் கித்துல்கலையின் பெயரை உலகுக்கு அறிவித்தது ஒரு திரைப்படம். பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவி டேவிட் லீன் இயக்கி, 1957இல் வெளியாகி, ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தின் மரப்பாலம் இங்கேதான் களனிக்குக் குறுக்கே கட்டப்பட்டு, கதையின் முடிவுக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாலத்தைத் தாங்கிய கொங்கிறீற்று அடித்தளங்களைக் காட்டவே இன்று வழிகாட்டிகள் பயணிகளை ஆற்றங்கரைக்கு இறக்குகின்றனர்.

அந்தப் படம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதைத் தமிழர் அறிந்து அக்கரையில் நிற்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இலும் 1943இலும் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையே அதன் பின்னணி. பிரித்தானியப் போர்க்கைதிகளின் துன்பத்தைப் படம் பேசுகின்றது. அத்துன்பம் பொய்யன்று, அவர்களும் பிற நேச நாட்டுக் கைதிகளுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் கைதிகளைவிடப் பன்மடங்கான ஆசியத் தொழிலாளர் அதே பாதையில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் பல்லாயிரவராக இறந்த அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவல் அவர்களின் கதையைச் சொல்கின்றது. மலாயாவில் இறப்பர்ப்பால் வெட்டிய அம்மக்களும் எட்டியாந்தோட்டைச் சரிவுகளில் இறப்பர்ப்பால் வெட்டிய மக்களும் தமிழ்நாட்டின் ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரே வறுமையால், ஒரே வகைக் கங்காணி முறையில், அதாவது ஆள்திரட்டி முன்பணத்தால் கட்டிப்போடும் முறையில், கப்பலேறியவர்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய கொழும்பிலிருந்து, அதே போரின் பெயரால் எடுத்த படத்தின் களத்துக்குச் செல்பவர், அந்த நாவலை முன்னரே படித்துவிட்டுச் செல்வது நல்லது. பயணத் திட்டத்தில் வாசிப்புக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்குக் கித்துல்கலையைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. 1942இல் தொடங்கி இன்று வெள்ளவத்தையில் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், புறப்படுமுன் சில மாலைகளைச் செலவிடத்தக்க இடம்.

கித்துல்கலைக்கு மேலே ஆறு மின்சாரமாக மாறுகின்றது. வீழ்நீரிலிருந்து மின்னெடுத்தால் நாட்டின் தொழிலும் வாழ்வும் உயரும் எனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சியின் தயக்கத்தால் பல ஆண்டு தடைப்பட்ட லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் அடுக்கடுக்காக எழுந்து, ஒரே நீரைப் பல படிகளில் பயன்படுத்தின. பயணி வியந்து பார்க்கும் லக்சபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகள் இந்த அமைப்பின் இடையே, எஞ்சிய நீரில் வாழ்கின்றன. தலவாக்கலைக்கு அண்மையில், மகாவலிப் படுகையைச் சேர்ந்த செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியின் கதை இன்னும் தெளிவானது: ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் ஆற்று நீரைச் சுரங்கத்துக்குள் திருப்பியது, நீர்வீழ்ச்சியைக் காக்கக் கோரிப் பலர் போராடிய பின், பகல்நேரத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு நீரை விடுவதற்கு ஏற்பாடாயிற்று. ஆகவே நீர்வீழ்ச்சி ஒன்றைக் காணும் நேரத்தைத் திட்டமிடுவது இன்று மழையை மட்டும் பொறுத்ததன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் பிற்பகுதியில் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளியே தெரிய, மக்கள் சேற்றில் நடந்து சென்று விளக்கேற்றி வழிபடுகின்றனர். கொழும்பின் விளக்குகள் எரிவதற்கு ஓர் ஊர் தன் இடத்தையே கொடுத்தது என்பதை மஸ்கெலியாவில் தேநீர் குடிக்கும் கொழும்பார் அறிந்திருப்பது முறை.

மலைநாட்டின் பசுமையை இயற்கைக் காட்சி எனச் சுற்றுலா நூல்கள் அழைக்கின்றன. அது இயற்கை மட்டுமன்று. காட்டை வெட்டி முதலில் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அச்சரிவுகளை மூடியது. ஒவ்வொரு சரிவிலும் செடிகளை வரிசையாக நட்டு, கான் வெட்டி, கல் அடுக்கி, வாரந்தோறும் கொழுந்து கொய்து அந்தப் பசுமையை இன்றுவரை ஒரே மட்டத்தில் வைத்திருப்பவர்கள் மலையகத் தமிழர். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்து, வழியிலேயே கணக்கற்றோரை இழந்த அவர்களின் வருகையின் 200ஆம் ஆண்டு, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொண்ட நடைபயணத்தால் நினைவுகூரப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும், 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பியதும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறைகளில் இன்னும் குடும்பங்கள் வாழ்வதும் அந்தக் காட்சியின் பகுதிகளே. பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1875 முதல் 1879இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த அவர் எடுத்த படங்களில் உள்ள உழைக்கும் மக்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் குறிக்கப்படவில்லை. கைபேசியில் படம் எடுக்கும் இன்றைய பயணி அதே குறையைச் செய்யாதிருக்கலாம். கொழுந்து கொய்யும் பெண்ணைப் படம் எடுக்குமுன் “அக்கா, எடுக்கலாமா?” எனக் கேட்பதற்கும், பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு அறிவதற்கும் கொழும்புத் தமிழருக்கு மொழித்தடை ஏதும் இல்லை, வெளிநாட்டவர் எவருக்கும் எளிதில் கிட்டாத வாய்ப்பு அது. மடகும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களைப் படித்தவர்க்கு அந்த உரையாடல் இன்னும் எளிதாகும்.

பயணத்தின் உச்சி 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை. உச்சிப் பாறையிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்றும், சைவர் சிவனுடையதென்றும், முஸ்லிம்கள் ஆதமுடையதென்றும் கொள்கின்றனர். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா இம்மலையில் ஏறியதை விரிவாக எழுதியுள்ளார். யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பூரணையாகிய உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகின்றது. போயா என்பது இலங்கையில் பொது விடுமுறையாகவுள்ள பூரணை நாள். அக்காலத்தில் நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிகளின் ஓரமெல்லாம் விளக்குகள் எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். ஏனைய மாதங்களில் இருளும் மழையும் அட்டைகளுமே துணை. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் ஏறத் தொடங்கி ஞாயிறு எழுமுன் உச்சியை அடைவதே வழக்கம். எழுந்த ஞாயிற்றின் ஒளியில் மலையின் முக்கோண நிழல் மேற்கே முகிலின்மீது விழுவதைக் காண்பதற்காகவே பலர் குளிரில் காத்திருக்கின்றனர். 3,776 மீற்றர் உயரமான ஃபூஜி மலையிலும் இதே வழக்கம் உண்டு: ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் முற்பகுதிவரை மட்டுமே ஏற்றக் காலம், இரவில் ஏறி விடியலை வணங்குதல், வழி நெடுக இளைப்பாறும் நிலைகள். கூட்டம் மலையைச் சிதைப்பதைக் கண்டு, 2024இல் யமனாஷி மாநில நிருவாகம் தன் பக்கத்துப் பாதையில் வாயில் அமைத்து, கட்டணம் விதித்து, நாளொன்றுக்கு 4,000 பேர் எனவும் வரையறுத்தது. சிவனொளிபாதமலைக்கு வரும் யாத்திரிகரைக் கட்டணத்தால் தடுப்பது சமயக் காரணத்தால் பொருந்தாது. ஆனால் பிளாஸ்ரிக் போத்தல்கள் ஓடைகளில் நிறைந்து, அந்த ஓடைகள் கொழும்பு குடிக்கும் ஆற்றில் சேர்வதை எண்ணினால், ஒவ்வொரு பயணியும் கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவருவது கட்டாயமாகின்றது. ஏறும் வழியில் ஜப்பானின் நிப்பொன்சன் மியோஹோஜி பௌத்த சங்கத்தார் எழுப்பிய வெண்ணிறச் சமாதானத் தாதுகோபம் உள்ளது. இறங்கும்போது களைத்த கால்களுக்கு அதன் முற்றம் நல்ல இடம்.

போயா நாட்களையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்து, சனவரி முதல் மார்ச் வரையான வார நாட்களைத் தெரிவதே அறிவுடைமை. அப்போது படிகளில் நெரிசல் குறைவு, மேற்குச் சரிவில் மழையும் குறைவு. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சரிவுகளிலேயே தன் முழுப் பாரத்தையும் இறக்குகின்றது. திரும்பும் வழிக்கு ஹட்டனிலிருந்து புகையிரதமே பொருத்தமானது. 1865இல் அம்பேபுசைவரையும், 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1924இல் பதுளைக்கும் சென்றடைந்த மலைநாட்டுப் பாதை, ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஐந்து ஆறு மணித்தியாலத்தில் இறங்குகின்றது. ஆசன முற்பதிவு திறந்தவுடனேயே தீர்ந்துவிடுவதால் நாளை முதலில் உறுதிசெய்து, அதன் பின்னரே தங்குமிடத்தைத் தேட வேண்டும். ஒரு நாள் மேலதிகமாக உள்ளவர்கள் ஹட்டனிலிருந்து மேலேறி, நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலையில் இறங்கி, ஹோட்டன் சமவெளிக்குச் செல்லலாம். களனி, மகாவலி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் அந்தப் புல்வெளியில், உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவைக் காலை ஒன்பது மணிக்கு முன் காணாவிடில் மூடுபனியையே காண நேரிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவுகளும் மலைநாட்டு வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் உடைத்து, மிகப் பல உயிர்களைக் கொண்டுபோயின. ஆகையால் புறப்படும் வாரத்தில் எந்தப் பாதை திறந்துள்ளது என்பதைப் புகையிரதத் திணைக்களத்திடமும், மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்பதை அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமும் கேட்டறிவது திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்கக் கூடாது; முற்பணம் போவது பெரிதன்று.

செலவு செய்யும் இடத்தையும் முன்னரே எண்ணிப்பார்ப்பது நன்று. பழைய துரைமாரின் பங்களாக்கள் இன்று உயர்ந்த கட்டணத்தில் விடுதிகளாக நடக்கின்றன. அவற்றில் தங்குவது தவறன்று. எனினும் மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் ஹட்டனிலும் தோட்டத்துப் பிள்ளைகள் படித்து முன்னேறி நடத்தும் சிறு தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. கொழும்பார் கொண்டுவரும் பணம் அந்த மலைச்சரிவில் உழைத்த குடும்பங்களின் கையில் நேரே சேரும் வழி அவையே. கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகள், அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு நாள் குறிக்கும்போது, ஒரே நாளில் ஐந்து இடங்கள் என்னும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒரு வகுப்பையேனும் முகத்துவாரத்திலிருந்து நல்லதண்ணிவரை ஆற்றின் வழியே மூன்று நாட்கள் அழைத்துச் செல்ல வேண்டும். மாணவர் வழியில் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதுவதற்கு நாளின் மாலைகளை ஒதுக்க வேண்டும். அந்தக் குறிப்புகளைச் சங்கங்கள் தொகுத்து, இன்றுவரை இல்லாதிருக்கும் களனி ஆற்றுவழித் தமிழ்க் கைநூலாக வெளியிட முன்வர வேண்டும்.